காப்பு கட்டியவரின் பாதம்

“மல்லாட்டை ஆயற கை ஊசி புடிக்குமா?”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கோவிந்தசாமி மாமா இப்படிக் கேட்டார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். என் தோளில் புதுப் பை. அதற்குள் பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், மாத்திரை அட்டைகள். கேட்டதோடு நிற்காமல் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“நான் ஆய்ஞ்ச மல்லாட்டையில ஒரு காய் நசுங்கி இருக்குதா மாமா? உங்க விரலும் நசுங்காது. காட்டுங்க” என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி தனம் அத்தையின் குரல் வந்தது. “குடுய்யா கைய. ஆறடி ஆளு, ஊசிக்கு பயந்துகினு நிக்கிறத பாரு.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினார். அன்று அவருடைய சுகர் அளவைப் பார்த்து நான்தான் பயந்தேன்.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அந்தப் பையைச் சுமந்தேன். சென்ற மாதம் வேலையை விட்டேன். கிளியனூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் என்னோடு இதே வேலை பார்த்த பெண்கள் ஒன்றுசேர்ந்து எனக்கு ஒரு சால்வை போட்டு, கேசரி கொடுத்து, “இருபத்தாறு வயசுல ரிடயர்டு ஆன மொத ஆளு நீதாண்டி” என்று சிரித்தார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

“அக்கா, நம்ம வேலை இன்னான்னு யாராச்சும் கேட்டா இன்னாக்கா சொல்றது? நர்ஸான்றாங்க. இல்லைன்னா, அப்போ நீ யாருன்றாங்க.”

அந்த இடத்தில் என்னால் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் கேசரி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பஸ் பலகையைப் படித்ததில்லை. நிறத்தைப் பார்த்து ஏறுவார்கள், தப்பாக ஏறினால் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் திண்டிவனம் போய்ப் பட்டப்படிப்பு முடித்தேன். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. படிப்பு முடிந்ததும், வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்க ஊர்ப் பெண்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். திண்டிவனத்தில் சில நாள் பயிற்சி. மெஷினின் பட்டையைக் கையில் எங்கே கட்டுவது, விரலின் எந்தப் பக்கத்தில் குத்துவது, எந்த எண்ணுக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. மதியம் தூக்கம் வரும். அவ்வளவுதான் பயிற்சி. மற்றதையெல்லாம் வீடுகளில்தான் கற்றேன்.

வீடுகளில் கற்றதை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள். பட்டம்மாள் என்று ஒரு அம்மா. பிரஷர் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் “சாப்புட்டுகினுதாம்மா இருக்கேன்” என்பார். நானும் நம்பி எழுதிக்கொண்டு வந்தேன். ஒருநாள் எங்களை மேற்பார்வை பார்க்கும் விமலா சிஸ்டர் என்னோடு வந்தார்.

விமலா சிஸ்டரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். சொம்பு நிறையக் கொடுத்தால் நிறையவே குடிப்பார். அதன் பிறகுதான் பேச்சு. “நம்ம கையில தண்ணி குடுத்துட்டாங்கன்னா, அப்புறம் நம்மள வாசல்ல நிக்க வச்சி பேச மாட்டாங்க” என்பார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். “காட்டு.” பார்த்தேன் என்றால் காட்டு. கொடுத்தேன் என்றால் காட்டு. சாப்பிட்டேன் என்றாலும் காட்டு.

பட்டம்மாளிடமும் அதைத்தான் சொன்னார். “மாத்திரை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்கம்மா.” அந்த அம்மா பரணிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை இறக்கினார். நான் கொடுத்த மாத்திரை அத்தனையும் அட்டை பிரிக்காமல் உள்ளே இருந்தது.

“சாப்புடலியாம்மா?”

“சாப்புட்டா தீர்ந்துபோவுமே சிஸ்டர். தீர்ந்துபோயிட்டு, அப்புறம் ஒடம்புக்கு ஏதாச்சும் வந்துட்டா இன்னா பண்றது? அதான் சேத்து வச்சிகினு இருக்கேன்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. “நல்லா சேத்து வச்சிருக்கீங்க. இப்போ வந்துருச்சி, எடுத்து சாப்புடுங்க” என்றார். அந்த அம்மா அன்றிலிருந்து சாப்பிடுகிறார். தெருவுக்கு வந்ததும் நான்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். “நீ எத்தினி மாசமா ‘சாப்பிடுகிறார்’னு எழுதிகினு இருக்கே?” என் சிரிப்பு அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். என் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைத்தேன். தனம் அத்தை எனக்கு “காட்டுக்காரி” என்று பெயர் வைத்தார். இனி நான் ஏமாற மாட்டேன் என்று எனக்கு ஒரு மிதப்பு வந்தது. அந்த மிதப்பில்தான் கோவிந்தசாமி மாமா விஷயத்தில் விழுந்தேன்.

சுகர் உள்ளவர்களின் கால்களையும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுகர் நாள்பட்டால் பாதத்தின் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினால் தெரியாது, சுட்டால் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகி, புண் எலும்புக்குப் போய், விரலை எடுக்கும்படி ஆகும். சில சமயம் காலையே எடுக்க நேரும். அதைக் கண்டுபிடிக்கத் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை கொடுத்தார்கள், ஒரு பிடியில் பொருத்தியது. முதலில் அதை அவர்களுடைய முன்கையில் தொட்டு, இப்படித்தான் இருக்கும் என்று காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். கட்டை விரலின் அடி, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, என்று குறித்த இடங்களில் இழையை நேராக வைத்து, அது வளையும் வரை அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பு விழுந்த இடத்தில் வைக்கக் கூடாது. வரிசையாகவும் வைக்கக் கூடாது. தொடுவது தெரியும்போதெல்லாம் அவர்கள் “ஆமா” என்று சொல்ல வேண்டும்.

போன ஆண்டு கோவிந்தசாமி மாமாவுக்குப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் ஒவ்வொரு முறை இழையை வைக்கும்போதும் “ஆமா!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை.

“பாஸா மா?” என்று கேட்டார்.

“பர்ஸ்ட் கிளாஸ் மாமா.”

பள்ளிக்கூடம் போகாத மனுஷர். அவ்வளவு சந்தோஷப்பட்டார். நான் நோட்டில் ‘உணர்வு நன்றாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பத்து நாள் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், பத்தாம் நாள் காலையில் துரியோதனன் வீழும் படுகளம், மாலையில் தீமிதி. தீ மிதிப்பவர்கள் முதல் நாளே கையில் காப்பு கட்டி மஞ்சள் உடுத்திவிடுவார்கள். கட்டியபின் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கோவிந்தசாமி மாமா இளவட்டமாக இருந்த நாளிலிருந்து காப்பு கட்டுகிறவர். அதிலும் கடந்த இரண்டு வருடமாக அவருக்கு ஊரில் தனி மரியாதை. மற்றவர்கள் நெருப்புக் குண்டத்தில் ஓடுவார்கள். அவர் நடப்பார். “பூ மேல போற மாதிரி இருந்துச்சி. அம்மன் எனக்கு குடுத்துட்டா” என்பார். போன வருடம் குதிகாலில் தோல் உரிந்து ஒரு மாதம் கிடந்தது. அதையும் அம்மன் முத்திரை என்று சொல்லி மஞ்சள் தடவிக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் அந்த ஊர்க்காரிதான். அவர் குண்டத்தில் நடந்ததை நின்று பார்த்துக் கைகூப்பியவள்தான். ஆனால் கோயிலில் பார்த்ததையும் நோட்டில் எழுதியதையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

இந்த ஆண்டு காப்பு கட்டிய மூன்றாம் நாள், விமலா சிஸ்டர் ஊருக்கு வந்தார். நாங்கள் பார்த்த வீடுகளில் சிலவற்றை அவரே மறுபடி பார்ப்பது வழக்கம். எந்த வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார். நானே பெருமையாகக் கோவிந்தசாமி மாமா வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

சிஸ்டர் தண்ணீர் குடித்தார். மாமாவின் கையில் காப்பைப் பார்த்தார். என் நோட்டைப் படித்தார். “கால் எப்படி பாத்தே? காட்டு.”

மாமா உற்சாகமாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். நான் தொடங்கினேன். “ஆமா... ஆமா... ஆமா!” சிஸ்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நான் நிமிர்ந்தேன். மாமா கண்ணைத் திறக்கப் போனார்.

“ஒரு நிமிசம், கண்ண தெறக்காதீங்க” என்றார் சிஸ்டர்.

என் மணிக்கட்டைப் பிடித்து, காலுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் லேசாக ஆட்டினார். என் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன.

“ஆமா!” என்றார் மாமா.

தனம் அத்தை பக்கென்று சிரித்துவிட்டார். சிஸ்டர் மறுபடி ஆட்டினார். “ஆமா!” அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது.

சிஸ்டர் என் வளையல்களைக் கழற்றச் சொன்னார். கழற்றி அத்தை கையில் கொடுத்தேன். “இப்போ வை.” கட்டை விரலில் வைத்தேன். இழை வளைந்தது. மாமா பேசாமல் இருந்தார். மேட்டில் வைத்தேன். பேச்சில்லை. அடுத்த காலில் வைத்தேன்.

“இன்னா, ஆரம்பிக்கலியா இன்னும்?” என்றார் மாமா.

அவர் பொய் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது சொன்னார்: “சத்தம் வந்துச்சி, நீ தொட்டுட்டேன்னு நெனச்சேன். பரீட்சையில பேசாம இருந்தா பெயிலுதானே?”

சிஸ்டர் அவருடைய வலது பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டை விரலுக்குக் கீழே காய்ப்பு வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் சீழ். இடுக்கியால் பிடித்து இழுத்தார். வேலிக்காத்தான் முள், நகத்தின் நீளம். அதைக் காகிதத்தில் வைத்து மாமாவிடம் காட்டினார்.

“இது எப்போ ஏறுச்சி?” என்று மாமா எங்களையே கேட்டார்.

“அத நீதானய்யா சொல்லணும்” என்றார் அத்தை. “இந்த காலோடதான் கழனிக்கு போய்க்கினு வந்துகினு இருந்தியா?”

மாமா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ... ரெண்டு வருசமா நெருப்பு சுடாதது...” என்று இழுத்தார்.

இன்றைக்கே திண்டிவனம் போக வேண்டும் என்றார் சிஸ்டர். இதை விட்டால் விரல் போகலாம், நெருப்பில் இறங்கினால் காலே போகலாம் என்றும் சொன்னார். மாமா தலையாட்டி மறுத்தார்.

“காப்பு கட்டிகினு எல்லைய தாண்ட மாட்டேன் சிஸ்டர். எறங்கறேன்னு அம்மன்கிட்ட சொல்லியாச்சி. கால் போனா போவட்டும்.”

“மாமா, போன வருசம் நான் தப்பா எழுதிட்டேன்” என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். “நீ பாஸு போட்டதாலதானே மா, திண்டிவனத்து டாக்டரு மொதக்கொண்டு வேணாம்னு சொல்லியும் நான் தெகிரியமா கட்னேன்?”

ஐந்து ஆண்டுகளில் நான் கூனிக்குறுகி நின்றது அந்த ஒரு நாள்தான். வெளியே வந்ததும் சிஸ்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். நோட்டை நீட்டினார். “போன வருசத்து எழுத்த அடிக்காத. கீழ புதுசா எழுது. ஏன் தப்பாச்சின்னும் எழுது. அடுத்து வர்றவளுக்கு தெரியணும்.” வண்டியில் ஏறியபின் கேட்டார், “அவரு எல்லைய தாண்டக் கூடாது. டாக்டரு தாண்டலாமில்ல?”

மறுநாள் காலை டாக்டர் வந்துவிட்டார். சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர், எங்கள் ஊர்ப் பாதையில் பைக்கை ஓட்டத் தெரியாமல் சேறு பூசிக்கொண்டு வந்தார். புண்ணைக் கழுவி, ஆழம் பார்த்து, மருந்து எழுதினார். விரதத்தில் ஒருவேளைதான் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் சுகர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, கூடவே மூன்று வேளை கேப்பைக் கூழாவது குடிக்க வேண்டும் என்றார். கூழ் விரதத்துக்கு ஆகும் என்று அத்தை உடனே தீர்ப்புச் சொன்னார். “காலைக் கீழே ஊன்றக் கூடாது. தினமும் கட்டு மாற்றணும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, எல்லையாவது ஒன்றாவது, நானே தூக்கிக்கொண்டு போவேன்” என்றார் டாக்டர். மாமா அதற்கு ஒப்புக்கொண்டார். நெருப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சிஸ்டர் கட்டுப் போடும்போது என் கை தானாகப் பஞ்சை எடுக்கப் போனது. “தட்ட புடி” என்றார் சிஸ்டர். எங்கள் வேலையில் காயத்தைத் தொட அனுமதி கிடையாது. பார்க்கலாம், சொல்லலாம், அழைத்து வரலாம். என் தவறால் ஆழமான காயம், என் கண்ணெதிரே. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து வந்த நாட்களிலும் சிஸ்டரோ கிராம நர்ஸோ வந்து கட்டினார்கள். நான் தினமும் தட்டைப் பிடித்தேன். எந்தப் பக்கத்திலிருந்து துடைக்கிறார்கள், எந்த அளவு இறுக்குகிறார்கள் என்று ஒன்று விடாமல் பார்த்தேன்.

தீமிதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பிரசங்கம் முடிந்த பிற்பகலில் நானும் அத்தையும் கோயிலுக்குப் போனோம். மாமாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவருடைய தம்பிகள் இருவர் தூக்கி வந்தார்கள். பூசாரி ஏழுமலை தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா கோயிந்தா, சாமி ஊர்வலம் இன்னிக்கேவா?” என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா என்னை முடிக்க விடவில்லை. “நடந்தே தீருவேன் பூசாரி. வேண்டுதலு. சுடாதுன்னு எனக்குத் தெரியும்.”

அத்தைக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

“யோவ், சுட்டா தாங்கறவனுக்குத்தான்யா வேண்டுதலு. மத்தவனெல்லாம் சுட சுட தாங்கிகினு போய் அம்மனுக்கு குடுக்கறான். ஒனக்குதான் சுடவே இல்லியே. நீ இன்னாத்த குடுக்கப் போற அவளுக்கு? மரக்கட்டைய கொண்டு போட்டாலும்தான் நெருப்புல கெடக்கும்.”

பூசாரி தேங்காயைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி சொல்றதுல தப்பில்ல. ஆனா காப்பு கட்னவன் சும்மா ஒக்காரக் கூடாது. ஏதாச்சும் ஒரு வேலை செஞ்சே ஆவணும்” என்றார். பிறகு யோசித்துச் சொன்னார், “குண்டம் தாண்டி வர்றவன் கால வைக்கற பால் குழிக்கு வருசா வருசம் ஆளு ஒழுங்கா நிக்க மாட்டேன்றான். அத நீ பாத்துக்க.”

மாமா என்ன சொல்வார் என்று நான் அவர் காலில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

“சரி. ஆனா எனக்கு மட்டும் இன்னா பரீட்சை? காப்பு கட்ன எல்லாரு காலையும் பாரு. வளையல் இல்லாம பாரு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அங்கிருந்தே சிஸ்டருக்குப் போன் செய்தேன். கதையை முழுதாகக் கேட்டார். “எத்தினி பேரு? எத்தினி இழை வேணும்?” என்றார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

மறுநாள் கோயில் பந்தலில் நடந்ததை இன்னும் எங்கள் ஊரில் பேசுகிறார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து எங்கள் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் வளையலைக் கழற்றி ஒரே தாம்பாளத்தில் போட்டோம். காப்பு கட்டியவர்கள் மஞ்சள் வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பந்தல் முழுக்க “ஆமா”, “ஆமா” என்று தவளைச் சத்தம் மாதிரி கேட்டது.

“டேய், அந்த பொண்ணு இன்னும் ஒன்கிட்டயே வரலடா, இன்னாத்துக்கு ஆமான்ற?”

“பக்கத்துல இருக்கறவனுக்கு ஒதவி பண்றேன் மாமே.”

கோவிந்தசாமி மாமா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, காப்பியடிப்பவர்களைக் கண்டுபிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கு உணர்ச்சி குறைவாக இருந்தது. அவர்களில் ஒருவருக்குத் தனக்குச் சுகர் இருப்பதே தெரியாது. இருவரையும் மாமாவே கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இருவரும் பால் குழிக்கு வந்துவிட்டார்கள்.

தீமிதி அன்று மாலை நானும் பையோடு பால் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். பறை முழங்கியது. கரகம் முதலில் இறங்கியது. பின்னாலேயே ஒவ்வொருவராக ஓடி வந்து பாலில் கால் வைத்தார்கள். “கால தூக்கு. காட்டு. அந்த காலு. போ. அடுத்தவன் வா, ஜல்தி” என்று மாமா விரட்டினார். கொப்புளம் இருந்தவர்களை என் பக்கம் தள்ளினார். நான் அவர்களை நர்ஸிடம் அனுப்பினேன். அந்த அரை மணி நேரமும் மாமா ஒரு தடவைகூட நெருப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த கால்களை மட்டுமே பார்த்தார்.

மறுநாள் காப்பை அவிழ்த்துவிட்டு, அதே நாற்காலியோடு வேனில் ஏறித் திண்டிவனம் போனார். முள்ளின் முனை ஒன்று உள்ளே முறிந்து கிடந்ததை எடுத்தார்கள். புண் எலும்பைத் தொடவில்லை. ஆற நாளானது. ஆனால் விரல் பத்தும் இருக்கின்றன. இப்போது மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டுதான் கழனிக்குப் போகிறார். தினமும் சாயங்காலம் அத்தை அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார். “கல்யாணமான நாள்ல இருந்து என் கால அவரு பாத்ததில்ல, அவரு கால நான் பாத்துகினு கெடக்கறேன்” என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ரேவதி, நீ கேட்டதற்கு வருகிறேன். நாம் நர்ஸ் இல்லை. மாத்திரை கொடுப்பவர்கள் என்று சொன்னாலும் பாதிதான். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும் டாக்டருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்: எந்த வீட்டில் மாத்திரை டப்பாவில் தூங்குகிறது, எவர் பரீட்சை என்று பயந்து ஆமா சொல்கிறார், யாருடைய பேச்சை யார் கேட்பார், எந்தக் காப்பு எந்த எல்லையைத் தாண்ட விடாது. நாம் அவர்களுடைய ஊர்க்காரிகளாக இருப்பதுதான் நம் வேலையில் பாதி. ஊர்க்காரியாக இருப்பதாலேயே சிலது கண்ணுக்குத் தெரியாமலும் போகும். அதற்காகத்தான் காட்டச் சொல்வது. யாராவது நீ யாரென்று கேட்டால், “உங்க கால பாக்க வந்தவ” என்று சொல். வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள்.

நான் ஏன் விட்டேன் என்றும் கேட்பாய். வேலை பிடிக்காமல் விடவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாட்களில், இன்னும் ஓர் அடி முன்னால் போக வேண்டும் என்று தோன்றியது. கிராமச் சுகாதார நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைத்தது. இப்போது விழுப்புரத்தில் விடுதியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வகுப்பில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவள். பதினெட்டு வயதுப் பெண்கள் என்னை அக்கா என்கிறார்கள்.

இன்று காலை செய்முறை வகுப்பு. மேஜை மேல் ஒரு ரப்பர் கால், அதில் வரைந்த புண். டீச்சர் என்னை அழைத்தார். கை கழுவி, உறை மாட்டி, உள்ளிருந்து வெளியே துடைத்து, துணி வைத்துக் கட்டினேன். “இறுக்கம் அதிகம், அவிழ்” என்றார். அவிழ்த்துக் கட்டினேன். “நழுவும், அவிழ்” என்றார். மறுபடி கட்டினேன். குனிந்து பார்த்தார், விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், “அவிழ்” என்று சொல்லாமல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.